பரிமளம் அக்காவின் வானுக்கு ஹைட்ரஜன்

குகன் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோதே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

"மச்சான், நான் சொந்தமா ஐதரசன் செய்யிறன். பருத்தித்துறையிலை. வானுகளுக்கு அடிக்க ஒரு பம்பும் போட்டிட்டன். குழாய்க்குப் போடுற ரப்பர் வளையம்தான் இஞ்சை எடுக்கேலாமல் கிடக்கு. நீ கொண்டு வாறியோ?"

வேனை அங்கே வான் என்கிறார்கள், ஹைட்ரஜனை ஐதரசன் என்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே அப்படித்தானாம். எங்களுக்கு அந்த வாயு புதிதல்ல. நானும் குகனும் கத்தாரில் ஒரே கிடங்கில் சிலிண்டர் நிரப்பினவர்கள். ஒரே அறை, அவன் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். அவன் பள்ளி முடித்தவன், நான் எட்டாவதோடு நின்றவன். அதைத் தவிர எங்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. அங்கிருந்து வந்தபின் நான் ஓசூர், விசாகப்பட்டினம், காண்ட்லா என்று ஊர் மாற்றி மாற்றிச் சிலிண்டர் லாரி ஓட்டினேன். அவன் நேரே ஊருக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் உருப்பட மாட்டான் என்று நினைத்திருந்தேன்.

வளையங்களை ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன். கடல் அன்று நல்ல மனநிலையில் இல்லை. பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், நானும் எடுத்தேன். காங்கேசன்துறையில் இறங்கியபோது தரை ஆடுவதுபோல் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி கேட்டார்.

"இதென்ன சாமான்?"

"ரப்பர் வளையம், சார். ஹைட்ரஜன் மெஷினுக்கு."

"குண்டு கிண்டு செய்யிற சாமானோ?" என்று சிரித்தார். "ஆரின்ரை மெசின்?"

பெயரைச் சொன்னேன். "ஓ, எங்கடை குகன்ரையோ! முதலே சொல்லியிருக்கலாமே," என்று பெட்டியை அவரே கயிறு போட்டுக் கட்டித் தந்தார். ஓசூரில் நான் குடியிருந்த தெருவில் என் பெயர் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் வாடகை நாளில்.

பருத்தித்துறை பஸ்ஸில் கண்டக்டர் என் பெட்டியை வாங்கி என்ஜின் மூடிமேல் வைத்தார். மூடி தோசைக்கல்லாய்க் கொதித்தது. ரப்பர் உருகினால் வந்த காரியம் கெட்டது என்று பாய்ந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், நான் இடம் கொடுத்ததாக எண்ணி, தன் முருங்கைக்காய்க் கட்டை அதன்மேல் சாய்த்து வைத்தார். பாதி வழியில் ஓட்டுநர் ஒரு பேக்கரி முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினார். எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கு ஆள் சத்தம் போட்டிருப்போம். இங்கே பின் இருக்கையிலிருந்து ஒருவர், "அண்ணை, எனக்கும் ஒரு பாண் சொல்லுங்கோ!" என்றார். உடனே நாலைந்து பேர் காசை நீட்டினார்கள். ஓட்டுநர் ரொட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பஸ் முழுக்கச் சுடச்சுட வாசனை. எனக்கு வாந்தி எடுத்த வயிறு.

குகன் பஸ் நிலையத்தில் காத்திருந்தான். தலைமுடி இன்னும் கறுப்பு.

அவன் மனைவி வாணி பள்ளிக்கூட ஆசிரியை. புட்டு, மீன் சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், மாங்காய்ச் சம்பல் என்று வைத்தார். "மாரி அண்ணை, கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ. கத்தார்க் கதையெல்லாம் இவர் சொல்லியிருக்கிறார்," என்றார். எனக்கும் மனைவி இருந்தாள். இறந்துவிடவில்லை, திருப்பூரில் இருக்கிறாள். நல்ல தட்டில், உட்கார்ந்து, ஒருவர் பரிமாறச் சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. இன்னும் கொஞ்சம் புட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவன் நிலையத்தைக் காட்டினான். ஊருக்கு வெளியே, பனங்கூடல் முடிகிற இடத்தில், கடற்காற்று நேரே அடிக்கும் வெளி. முற்றம் முழுக்கக் கான்கிரீட். ஒரு பெரிய கொட்டகை, கூரை நிறையச் சூரியத் தகடுகள். உச்சி வெயிலில் எல்லார் கூரையிலும் மின்சாரம் விளைகிறது, அந்த நேரத்தில் அதை வாங்க ஆளில்லை. அக்கம்பக்கத்துக் கூரைகளின் மிச்சத்தையும் சேர்த்து மலிவாக வாங்கி, அதைக் கொண்டு தண்ணீரைப் பிரிக்கிறான். பிரிந்து வரும் ஹைட்ரஜனை அழுத்திச் சிலிண்டரில் அடைக்கிறான். வான்களின் என்ஜினைக் கொஞ்சம் மாற்றினால் அதில் ஓடும். புகைக்குழாயில் கரி கிடையாது, ஈரம்தான்.

"செய்யிறது சுகம் மச்சான். கொண்டுபோறதுதான் கொல்லுது," என்றான்.

அது எனக்குத் தெரியும். ஹைட்ரஜன் லாரி ஓட்டுகிறவன் உண்மையில் இரும்பு லாரிதான் ஓட்டுகிறான். வண்டி நிறையக் கனத்த சிலிண்டர், உள்ளே ஒரு கூடைக் காற்று. போகும்போது இரும்பு, வரும்போதும் அதே இரும்பு. விலை ஏறுவது அங்கேதான். குகன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். உடுவிலில் விவசாயிகள் சங்கத்தின் காய்கறி வான்களுக்கு ஒரு நிரப்பும் இடம் வைத்திருக்கிறான். லாரி அங்கே சிலிண்டர்க் கட்டை இறக்கிவிட்டு, வெற்றுக் கட்டோடு வெங்காயமும் கேரட்டும் ஏற்றி வருகிறது. திரும்பி வரும் செலவு காய்கறிக்காரர் தலையில். இதை நான் யோசித்திருக்க வேண்டும். எத்தனை ஆயிரம் மைல் வெற்றுச் சிலிண்டரோடு திரும்பியிருக்கிறேன்! ஒரு வெங்காய மூட்டைகூட என் புத்திக்கு எட்டவில்லை.

உடுவில் மட்டும் போதாது என்றான் குகன். பருத்தித்துறையிலேயே வாங்க ஆள் வேண்டும், அப்போதுதான் லாரிச் செலவில்லாமல் நிலையம் நிற்கும். அந்த ஆள் பரிமளம் அக்கா. மீன் வான்கள் வைத்திருக்கிறார். எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் அவருடைய மீன் வரிசையிலேயே அழுகியதாம். அதிலிருந்து எதையும் நம்ப மாட்டார். ஒரு வானை மட்டும் மாற்றத் தந்து, ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரு கிழமை, அதாவது ஒரு வாரம், வெள்ளோட்டம். அதில் ஒரு நாள்கூட வான் நிற்கக்கூடாது. நின்றால் எல்லா வானும் டீசல்தான். அவர் இல்லையென்றால் குகன் நிலையத்தை மூட வேண்டியதுதான்.

அன்றுதான் வெள்ளோட்டம் தொடங்கும் நாள். பரிமளம் அக்கா ஆட்களோடு வந்தார். கனத்த உடம்பு, கையில் நிறைகுடத்துக்கான செம்பு. குத்துவிளக்கை எடுத்து வைத்ததும் குகன் ஓடினான்.

"அக்கா, நெருப்புக் கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி ஒண்டும் இஞ்சை கொளுத்தேலாது."

"விளக்கில்லாமல் என்னடா சடங்கு? செத்த வீடோ?"

"காஸ் அக்கா. பத்தினால் நாங்கள் எல்லாரும் செத்த வீடுதான்."

"அப்ப நிறைகுடமாவது வைக்கலாமோ, அதுவும் வெடிக்குமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர்தானே என்று குகன் விட்டான். நெல் பரப்பி, மஞ்சள் கரைத்த தண்ணீரோடு செம்பு வைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்துக் கும்பிட்டார்கள். வானுக்கு நான் கொண்டுவந்த வளையம் போட்ட குழாயால் குகன் முதல் முறை நிரப்பினான். கசிவு இல்லை. வான் கிளம்பியது. கூடி நின்றவர்கள் அவன் தோளில் தட்டினார்கள். என்னையும் ஒருவர் தட்டினார், அவன் என்று நினைத்து. எல்லாம் முடிந்து பரிமளம் அக்கா செம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனதைப் பார்த்தேன். கழுவப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் தவம் அண்ணையோடு உடுவிலுக்குப் போனேன். குகனின் லாரியை ஓட்டுகிறவர் அவர். பேச்சு ஓயாத மனிதர். "இந்தியாவிலை லொறிக்காரர் சரியா நித்திரை கொள்ளுறேல்லையாமே, உண்மையோ?" என்றார். உண்மை என்றேன். "நான் மத்தியானம் வீட்டை போய்ச் சாப்பிட்டு ஒரு குட்டி நித்திரை கொண்டிட்டுத்தான் வருவன்," என்றார்.

வழியில் ஒரு கோயில் திருவிழா. தூரத்தில் மேளம் கேட்டதுமே தவம் அண்ணை லாரியை ஓரங்கட்டி என்ஜினையும் நிறுத்தினார். காவடிகளும் தீச்சட்டிகளும் சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தன. யாரோ சீனவெடி கொளுத்தினார்கள்.

"ஐதரசனோடை சாமிக்குக் கிட்டப் போகக்கூடாது. சாமி போகட்டும், பிறகு நாங்கள் போவம்," என்றார் தவம் அண்ணை. இறங்கிப் போய் இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்தார். வெயிலில் நின்று குடித்துக்கொண்டிருந்தபோதுதான் குகன் போனில் கூப்பிட்டான். தவம் அண்ணை கேட்டுவிட்டு முகம் சுருங்கி போனை என்னிடம் கொடுத்தார்.

"மெசின் நிண்டிட்டுது மச்சான். தண்ணி சரியில்லை எண்டு தானா நிப்பாட்டிப் போட்டுது."

என் வளையம் இல்லை, தண்ணீர்தான் என்றதும் மூச்சு வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. அவனுக்கும் நிற்கிறது, அவனுக்கும் கெடுகிறது என்ற ஒரு சின்னக் குளிர்ச்சி. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நிலைமை எளிமையானது. மறுநாள் விடியற்காலை மீன் வானுக்கு வாயு வேண்டும். நிலையத்தில் மிச்சமில்லை, இருந்ததெல்லாம் எங்கள் லாரியில். "வண்டியைத் திருப்பட்டுமா?" என்றேன். திருப்பினால் பரிமளம் அக்காவின் வான் ஓடும். உடுவிலில் காய்கறி வான்கள் நிற்கும்.

குகன் சொன்னான். "இல்லை. உடுவிலுக்குச் சொல்லிப்போட்டன். அவையள் நம்பித்தான் டீசலை விட்டவை. நீங்கள் போங்கோ."

"அப்ப அக்கா வான்?"

"அதை நான் பாக்கிறன்."

முட்டாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் திருப்பியிருப்பேன். மேளச் சத்தம் அடங்கியதும் தவம் அண்ணை வண்டியை உடுவில் பக்கமே விட்டார். அங்கே சங்கத்துப் பெண்கள் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள், வெங்காயம் ஏற்றினார்கள். ஒன்றும் தெரியாமல், "குகன் அண்ணையைச் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ," என்றார்கள்.

திரும்பி வந்தபோது குகன் கொட்டகைக்குப் பின்னால் நீர்த்தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து, பக்கத்தில் குந்தியிருந்தான். வடிகட்டியில் ஒரு மாவிலைக் காம்பும் சில நெல்மணிகளும் சிக்கியிருந்தன.

அந்த இயந்திரத்துக்கு உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணீர் வேண்டும். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கெட்டிலில் வெள்ளையாய்ப் படியும். அதில் மஞ்சளும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். நிறைகுடத்துத் தண்ணீரைக் கால்மிதிபடும் இடத்தில் ஊற்றக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மரத்தடியில் ஊற்றுவார்கள், கிணற்றில் விடுவார்கள். இங்கே மரமுமில்லை, கிணறுமில்லை, எங்கும் கான்கிரீட். கால் படாத ஒரே இடம் அந்தத் தொட்டி.

"நெருப்புக்குப் பயந்து பயந்து நிண்டன்," என்றான் குகன். "தண்ணிக்கு ஆர் பயப்பிட்டது?"

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வா, அக்காட்டைப் போவம்," என்றான். நாளைக்கு வாயு இல்லை என்பதை இன்றைக்கே சொன்னால்தான் அவர் டீசல் வானை ஆயத்தம் செய்ய முடியும். சொன்னால் வெள்ளோட்டம் தோற்றுவிடும். இரண்டும் அவனுக்குத் தெரியும்.

பரிமளம் அக்கா ஐஸ் கொட்டிலில் இருந்தார். சுற்றிலும் பெட்டி அடுக்கும் ஆட்கள். குகன் நின்றபடியே சொன்னான்.

"அக்கா, மெசின் நிண்டிட்டுது. நாளைக்குக் காஸ் இல்லை. டீசல் வானை விடுங்கோ. தொட்டிக்குப் பூட்டுப் போடாமல் விட்டது என்ரை பிழை."

"தொட்டிக்கு என்ன?"

"தண்ணி கலந்திட்டுது."

"என்ன தண்ணி?"

குகன் ஐஸ் பெட்டிகளை எண்ணுவதுபோல் பார்த்தான். பெட்டி அடுக்கிய ஆட்கள் கையை நிறுத்தினார்கள். பரிமளம் அக்கா அவனையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் ஊத்தின தண்ணியோ?"

"ஓம் அக்கா."

அதன்பிறகு அவர் போட்ட சத்தத்தை நான் எந்தத் துறைமுகத்திலும் கேட்டதில்லை.

"டேய்! கத்தாருக்குப் போய் இவ்வளவு படிச்சுப்போட்டு வந்தனீ, ஒரு மூடிக்கு ஒரு பூட்டு வாங்கத் தெரியேல்லையோ? நான் ஊத்தினதெண்டு நேரை சொல்ல வாய் இல்லையோ? பெரிய மனிசன், பழியைத் தான் சுமக்கிறாராம்! உந்த முற்றம் முழுக்கக் கொங்கிறீற்றுப் போட்டு வைச்சிருக்கிறாய், ஒரு வாழைக்கண்டு வைக்க இடம் விட்டியோ? நான் அந்தத் தண்ணியை எங்கை கொண்டுபோய் ஊத்துறது, உன்ரை தலையிலையோ?"

"அக்கா..."

"கதையாதை! கொம்மா இருந்திருந்தால் உனக்கு ரெண்டு போட்டிருப்பா. எங்கடை பெடியன் எண்டு நம்பி வானைத் தந்தால்... உடுவிலுக்குக் காஸ் அனுப்பினியோ இண்டைக்கு?"

"அனுப்பினன்."

"திருப்பி எடுக்கேல்லையோ?"

"இல்லை. அவைக்குச் சொன்னது."

அவர் ஒரு ஐஸ் கட்டியைக் காலால் தள்ளினார். "சரி. நாளைக்கு டீசல் வான் போகும். மெசினைக் கழுவி எடு. எண்டைக்கு ஓடுதோ அண்டைக்கிருந்து கிழமை புதுசாத் தொடங்கும். அதிலை ஒரு நாள் தவறினாலும் பேந்து என்ரை முகத்திலை முழிக்கக்கூடாது. முதல்லை ஒரு வாழை வை. போ!"

குகன் சிவந்த முகத்தோடு வெளியே வந்தான். பாதி வழியில் சிரிக்கத் தொடங்கினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் பிழை நடந்தபோது யாரும் இப்படிக் கத்தியதில்லை. மேலாளர் தாழ்ந்த குரலில் பேசுவார், பாக்கியைக் கொடுப்பார், பையை எடுத்துக்கொள்ளச் சொல்வார். வாசல்வரை வந்து வழியனுப்பியவர்களும் உண்டு.

அவனுடைய கூரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், சோற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அந்த ஏச்சின்மேல் பட்ட பொறாமை அவற்றையெல்லாம் சிறிதாக்கிவிட்டது.

மறுநாள் தொட்டியைக் கழுவ நல்ல தண்ணீர் போதவில்லை. அவனுடைய சுத்திகரிப்பான் சொட்டுச் சொட்டாகத்தான் தரும். வாணி ஒரு யோசனை சொன்னார்: பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். தவம் அண்ணையும் நானும் பருத்தித்துறையிலும் கரவெட்டிப் பக்கத்துக் கடைகளிலும் இருந்த போத்தல்களையெல்லாம் வாங்கினோம். ஒரு கடைக்காரர் கடைசிப் போத்தலைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"பரிமளம் அக்கா குகனுக்குச் சரியா ஏசினவவாமே?"

"உமக்கு ஆர் சொன்னது?" என்றார் தவம் அண்ணை.

"ஆர் சொல்ல வேணும்? இஞ்சை கேட்டது."

அந்தத் தண்ணீரால் தொட்டியையும் குழாய்களையும் திரும்பத் திரும்ப அலசினோம். வடிகட்டியில் இருந்த, உப்பைப் பிடிக்கும் பிசின் உறையை மாற்றினோம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. குகன் ஒரு பழைய கடப்பாரையால் முற்றத்து மூலைக் கான்கிரீட்டை உடைத்தான். வாணி வாழைக்கன்று கொண்டுவந்தார். அதற்கு அடுத்த நாள், வெயில் ஏறியதும், இயந்திரம் நிற்காமல் ஓடியது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கிய அந்தக் கிழமையில் மீன் வான் ஒரு நாளும் நிற்கவில்லை, அக்கா மற்ற வான்களையும் மாற்றத் தந்துவிட்டார் என்று குகன் பிறகு அழைத்துச் சொன்னான். நான் அப்போது வேறோர் ஊரில், வேறொரு லாரியில் இருந்தேன். சந்தோஷம் என்றேன். பாதி உண்மை.

நான் பார்த்தது முதல் நாளை மட்டும்தான். கிளம்பும் அன்று காலை, பையோடு நிலையத்துக்குப் போனேன். மீன் வான் நிரம்பிக்கொண்டிருந்தது. பரிமளம் அக்கா குகனுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: குழாயை நிலத்தில் இழுக்கிறானாம், வாழைக்குத் தண்ணீர் காணாதாம், சட்டைக்குப் பொத்தான் இல்லையாம். அவன் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று வேலையைப் பார்த்தான்.

என்னைக் கண்டதும் அவர் குரல் இறங்கியது. ஒரு பொட்டலம் தட்டை வடையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வழியிலை சாப்பிடுங்கோ தம்பி. எங்களாலை உங்களுக்குச் சரியான கரைச்சல். குறை ஒண்டும் நினையாதையுங்கோ."

"ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

வான் கிளம்பிச் சாலையில் ஏறியது. அவர் அது மறையும்வரை பார்த்துவிட்டு, குகன் பக்கம் திரும்பினார்.

"டேய், உந்தக் கேற்றைச் சாத்துறது ஆர்? உன்ரை அப்பரோ?"

குகன் கொட்டகையின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தான். நான் கேட்டின்மேல் கை வைத்தபடிதான் நின்றிருந்தேன்.